சொட்டைக்கு எடுத்து வைத்த சாப்பாடு

மே 20

அன்புள்ள பேரனுக்குப் பாட்டி எழுதுவது.

முதலில் நல்ல செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். பெரிய அத்தை மகள் பல் டாக்டர் படிப்பை முடித்துவிட்டாள். கறுப்பு அங்கி போட்டு மேடையேறிப் பட்டம் வாங்கினாள். வீட்டுக்கு வந்ததும் என் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்து, "இதுல பாதியப் பிடுங்கணும் பாட்டி" என்றாள். படிப்பு வீண் போகவில்லை. சின்ன அத்தை மகன் கூடைப்பந்தில் கோப்பை வாங்கினான். கோப்பை அவன் இடுப்பளவு இருக்கிறது, எங்கே வைப்பது என்று தெரியாமல் வாசலில் வைத்து அதற்குள் குடைகளைப் போட்டிருக்கிறார்கள். உன் தங்கச்சிக்குப் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு. தலைப்பு, மௌனத்தின் பெருமை. மணி அடித்த பிறகும் நிறுத்தவில்லையாம். சித்தப்பாவின் குட்டிப்பயல் தன் பெயரைத் தானே எழுதிவிட்டான், கூடத்துச் சுவரில், கரியால். உன் சித்தி வெள்ளையடிக்கலாம் என்றாள். எழுத்து முதலில் வருகிற இடத்தில் யாராவது வெள்ளையடிப்பார்களா? நான் ஐந்தாவதோடு நின்றவள், எனக்கு அதன் அருமை தெரியும். அடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

எல்லார் படமும் என் அறையில் வரிசையாக மாட்டியிருக்கிறது. அங்கி போட்டவள், கோப்பை பிடித்தவன், மைக் பிடித்தவள். உன் படம் மட்டும்தான் பழசு. நீ வளர்க்கிற அந்தப் பெரிய சிலந்தியை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, மீசை வரலாமா வேண்டாமா என்று யோசிக்கிற வயதில் எடுத்தது.

இப்போது சிலந்திக்கு வருகிறேன். அதற்கு வேறு பெயரே கிடைக்கவில்லையா உனக்கு? வயிற்றின் மேல் முடி உதிர்ந்த இடம் இருக்கிறது என்று 'சொட்டை' என்று வைத்துவிட்டுக் கப்பலேறிவிட்டாய். நான் இங்கே, "சொட்ட இன்னிக்கும் சாப்பிடலயே" என்று புலம்பினால், உன் அப்பா தன் மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து அப்போதுதான் உள்ளே நுழைகிறான், தலையைத் தடவிக்கொண்டு, "என்னையா சொல்றே?" என்கிறான். நீ அவனைக் கேலி செய்யத்தான் அந்தப் பெயரை வைத்தாய் என்று இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

விஷயம் அதுதான். சொட்டை சாப்பிடவில்லை. முன்பெல்லாம் சிள்வண்டைப் போட்டதும் பாய்ந்து பிடிக்கும். என் கையால் சாப்பிட்டு எலுமிச்சம்பழம் மாதிரி வயிறு வைத்திருந்தது, நீயே பார்த்தால் அசந்துபோவாய். இப்போது சிள்வண்டு பக்கத்தில் போனால் காலைத் தூக்கி விரட்டுகிறது. சொட்டை விழுந்த இடம் வெளுப்பாக இருந்தது, கறுத்துவிட்டது. ஒரே மூலையில் வலை விரித்து உட்கார்ந்திருக்கிறது.

மாட்டு டாக்டரிடம் அதன் கண்ணாடித் தொட்டியோடு தூக்கிக்கொண்டு போனேன். நாய், பூனையெல்லாம் அவரிடம்தான் வரும். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு உடனே மூடிவிட்டார். "அம்மா, நான் நாலு கால் வரைக்கும்தான் படிச்சிருக்கேன். எட்டுக் காலுக்கு மருந்து தெரியாது" என்றார். பீஸ் வாங்கவில்லை, அதுவரைக்கும் நல்ல மனுஷன்.

சாப்பிடாவிட்டாலும் சிள்வண்டை உள்ளேயே விட்டு வைத்திருக்கிறேன். பசித்தால் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். இந்த வீட்டில் வராதவர்களுக்கும் தட்டு மூடி வைப்பதுதான் வழக்கம், உனக்குத் தெரியாததா? நீயும் உன் அப்பாவும் முகம் கொடுக்காமல் இருந்த நாட்களில் இரண்டு தட்டு மூடி வைப்பேன், காலையில் இரண்டும் காலியாக இருக்கும்.

போனில் எனக்குக் காது சரியாகக் கேட்காது. உன் அப்பாவின் போனுக்கு நீ பேசவும் மாட்டாய். அதனால் என்ன செய்வது என்று எழுது. சீக்கிரம் எழுது. அது நன்றாக இருக்கிற வரைக்கும்தான் நீ இந்த வீட்டுக்குக் கடிதம் போடுவாய் என்பது எனக்குத் தெரியும்.

உன் பாட்டி

*

ஜூன் 5

பாட்டி,

துறைமுகத்தில் சரக்கு இறக்கும்போது கப்பல் கம்பெனி ஏஜென்ட் வந்து உன் கடிதத்தைக் கொடுத்தார். என்ஜின் அறையில் வைத்துப் படித்தேன், அதனால்தான் இந்தத் தாளில் கிரீஸ் கறை.

பயப்படாதே. நீ எழுதியதைப் பார்த்தால் அது நோய் இல்லை. சொட்டை சட்டை மாற்றப் போகிறது. பாம்பு உரிக்குமே, அந்த மாதிரி. சொட்டை கறுத்தால், அடியில் புதுத் தோலும் புது முடியும் தயாராகிவிட்டது என்று அர்த்தம். சாப்பிடாமல் இருப்பதும், வலை விரிப்பதும் அதற்குத்தான். மாதக்கணக்கில்கூடச் சாப்பிடாது. நீ மனசு விட்டுவிடாதே.

ஒன்றை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள். அது மல்லாந்து படுக்கும். எட்டுக் காலும் மேலே இருக்கும். செத்துப்போச்சு என்றுதான் தோன்றும், ஆனால் சாகவில்லை. அப்படிப் படுத்துத்தான் சட்டையைக் கழற்றும். அப்போது தொடாதே, திருப்பாதே, தொட்டியை அசைக்காதே. மனுஷனுக்கும் அதற்கும் நேர் எதிர். மல்லாந்தால் நல்லது. குப்புற இருந்துகொண்டு கால்களையெல்லாம் வயிற்றுக்கு அடியில் மடக்கினால்தான் ஆபத்து. அப்படி மடக்கினாலோ, வயிறு திராட்சை வற்றல் மாதிரி சுருங்கினாலோ உடனே தண்ணீர்க் கிண்ணத்தின் பக்கத்தில் வை. வாயில் வெள்ளையாக ஏதாவது கசிந்து நாற்றமடித்தாலோ, குடித்தவன் மாதிரி காலை உதறிக்கொண்டு நடந்தாலோ எனக்கு எழுது. எழுதினாலும் ஒன்றும் செய்ய முடியாது, ஆனால் எழுது.

கொசுவத்தி, பூச்சி மருந்து எதையும் அந்த அறைப் பக்கம் கொண்டுவர வேண்டாம் என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லு. எல்லாரிடமும் என்றால் யாரிடம் என்று உனக்கே தெரியும்.

இங்கே என் அறையில் மூன்று பேர். சமையல்காரருக்கு மட்டும் நான் சிலந்தி வளர்ப்பது தெரியும். "கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்கும்போது இதை மொதல்ல சொல்லாதே" என்கிறார்.

உன் பேரன்

மடிக்கும்போதுதான் உன் கடிதத்தை மறுபடி பார்த்தேன். சிள்வண்டை உள்ளேயே விட்டு வைத்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாயே. பாட்டி, அதை உடனே எடுத்துவிடு. படித்ததும் முதல் வேலை அதுதான். சட்டை மாற்றும்போது சொட்டையின் உடம்பு பாலாடை மாதிரி இருக்கும், நகர முடியாது. பசித்த சிள்வண்டு எதையும் கடிக்கும்.

*

ஜூன் 14

அன்புள்ள பேரனுக்கு,

உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. ஆனாலும் எழுதுகிறேன். இன்று காலையில் நடந்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது.

தொட்டியில் தண்ணீர் மாற்றப் போனேன். சொட்டை மல்லாந்து கிடந்தது. எட்டுக் காலும் மேலே. தொட்டி மேல் ஒரு வெள்ளைத் துணியைப் போட்டு மூடிவிட்டு உன் அப்பாவைக் கூப்பிட்டேன். கடைக்குப் போகச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தவன், பாதி மாட்டியபடியே வந்தான். "அது போயிட்டா நிம்மதி" என்று எத்தனை தடவை சொன்னவன்! துணியை விலக்கிப் பார்த்தான். பழைய செய்தித்தாளை எடுத்து வந்தான், சுற்றி எடுத்துப் போக. குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"அம்மா, கால் அசையுது. சாகலை."

கண்ணாடிக் கடையில் ஒரு கண்ணில் மாட்டிக்கொள்வானே, பூதக்கண்ணாடி, அதை எடுத்து வரச் சொல்லித் தங்கச்சியை ஓடவிட்டான். அதை மாட்டிக்கொண்டு தொட்டி முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். கடை திறக்கவில்லை. "யாரும் தொடாதீங்க, இது என்னமோ பண்ணுது" என்றான். எப்படித் தெரிந்ததோ. ஒரு காலை உருவும், நிறுத்தும், மூச்சு வாங்குகிற மாதிரி இருக்கும், அடுத்த காலை உருவும். கையுறையைக் கழற்றுகிற மாதிரி. உள்ளேயிருந்து வந்தது புத்தம் புதுசு, கண்ணு. கருநீலம். சொட்டையே இல்லை, தலை நிறைய முடி என்று சொல்லலாம்போல இருந்தது. உன் அப்பா, "பாரும்மா, இதுக்கெல்லாம் மொளைக்குது" என்றான். நான் சிரித்துவிட்டேன்.

சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் மரப்பட்டைக்கு அடியிலிருந்து அது வந்தது. நான் மறந்தே போயிருந்தேன். நான் எடுத்து வைத்த சாப்பாடு. நேராகப் போய்ச் சொட்டையின் வயிற்றோரமாக உட்கார்ந்து, அதைச் சாப்பிடத் தொடங்கியிருந்தது.

உன் அப்பா இடுக்கியால் எடுத்துவிட்டான். ஆனால் அதற்குள் வயிற்றில் ஒரு இடம் திறந்து, நிறமில்லாத ஒரு சொட்டு நின்றது. பின்னங்கால் ஒன்று இனிமேல் இருக்காது. அது சத்தம் போடவில்லை. அதற்குச் சத்தமே கிடையாது. நாய் என்றால் ஊளையிடும், பிள்ளை என்றால் அழும், நாமும் ஏதாவது செய்வோம். இது சும்மா படுத்திருக்கிறது. நானும் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இவ்வளவு எழுதி நிறுத்தினேன். தபால்காரர் வந்து உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். படித்தேன். கடைசியில் எழுதியிருந்ததையும் படித்தேன்.

இதை இப்படியே உறைக்குள் போடுகிறேன்.

பாட்டி

*

ஜூன் 22

பேரனுக்கு,

சின்னக் கடிதம்தான், உன் தங்கச்சி பள்ளிக்கூடம் போகிற வழியில் போடுவதற்காக நிற்கிறாள்.

சொட்டை தண்ணீர் குடித்தது. வாயைக் கிண்ணத்தில் வைத்து நெடுநேரம் அப்படியே இருந்தது. கசிந்த இடத்தில் உன் அப்பா மக்காச்சோள மாவைத் தூரிகை நுனியால் தொட்டு வைத்தான், காய்ந்து அடைத்துக்கொண்டது. மீன் தொட்டிக் கடைக்காரரிடம் கேட்டு வந்தானாம். மூக்குக்கண்ணாடி துடைக்கிற தூரிகை. புதுசு.

சட்டையோடு பல்லும் புதுசாகியிருக்கிறது, இன்னும் வெள்ளையாக இருக்கிறது. கறுத்த பிறகுதான் சாப்பாடு என்று கடைக்காரர் சொன்னாராம். நான் ஒன்றும் வைக்கவில்லை. தொட்டியில் எதுவும் இல்லை. நானே பார்த்தேன், உன் அப்பாவும் பார்த்தான், பிறகு மறுபடி நான் பார்த்தேன்.

பாட்டி

*

ஜூலை 1

பாட்டிக்கு,

ஜூன் 14 தேதியிட்ட உங்கள் கடிதம் கிடைத்தது.

உங்களுக்கு யார் சொன்னார்கள் அதை உள்ளே விட்டு வைக்கச் சொல்லி? பசி பசி என்று எல்லாரையும் உங்கள் கண்ணாலேயே பார்த்தால் எப்படி? எல்லா உயிரும் நீங்கள் மூடி வைக்கிற தட்டுக்காகக் காத்துக்கொண்டிருப்பதில்லை. எனக்கு அது ஒன்றுதான் அந்த வீட்டில் இருந்தது. ஒன்றே ஒன்று. அதைப் பார்த்துக்கொள்ளக்கூட ஆளில்லை.

இனிமேல் எதையும் செய்ய வேண்டாம். நீங்களும் தொட வேண்டாம், அவரும் தொட வேண்டாம்.

*

ஜூலை 8

பாட்டி,

போன கடிதத்தைக் கோபத்தில் எழுதி, கோபம் தணிவதற்குள் ஏஜென்ட் கையில் கொடுத்துவிட்டேன். படகு கரைக்குப் போகும்போது மேல்தளத்தில் நின்று கையை ஆட்டிக் கூப்பிட்டேன். அவர் எனக்கு டாட்டா காட்டினார்.

இன்று உன் சின்னக் கடிதம் வந்தது. தண்ணீர் குடித்தது என்ற வரியைச் சமையல்காரருக்குப் படித்துக் காட்டினேன். அவர் எனக்கு இரண்டு ஆம்லெட் போட்டுக் கொடுத்தார்.

குடித்தால் பிழைத்துக்கொள்ளும், பாட்டி. போன கால் அடுத்த தடவை சட்டை மாற்றும்போது முளைத்துவிடும். சிள்வண்டை எடுத்துவிட வேண்டும் என்று கிளம்பும்போதே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியது நான். சொட்டையின் பெயரைப் பற்றி அப்பாவோடு வாசலில் கத்திக்கொண்டிருந்ததில் விட்டுப்போனது.

மாவு வைக்க வேண்டும் என்று நான் எழுதுவதற்கு முன்பே அவர் வைத்திருக்கிறார். வைத்தது சரி என்று சொல்லிவிடு. நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். இல்லை, சொல்லு.

பல் கறுத்ததும் ஒரு சின்னப் பூச்சி போடு. சாப்பிடாவிட்டால் எடுத்துவிடு. அக்டோபரில் எனக்கு லீவு. வந்து பார்க்கிறேன்.

உன் பேரன்

*

ஜூலை 19

அன்புள்ள பேரனுக்கு,

நல்ல செய்திகளை முதலில் சொல்வது என் பழக்கம். பெரிய அத்தை மகள் க்ளினிக் போடப் போகிறாள். சின்ன அத்தை மகன். உன் தங்கச்சி. இந்தத் தடவை கை ஓடவில்லை, அவர்களைப் பற்றி அடுத்ததில் எழுதுகிறேன்.

இந்த மாதம் நீ போட்டதில் முதல் கடிதம் வந்த அன்று சொட்டை இருந்தது. இரண்டாவது வந்தபோது இல்லை.

நீ திட்டியது எனக்கு வலிக்கவில்லை. நானாக இருந்தால் இன்னும் நாலு வார்த்தை கூடுதலாகத் திட்டியிருப்பேன். 'நீங்கள்' என்று எழுதியிருந்தாய் பார், அதுதான் என்னவோ செய்தது. பிறந்ததிலிருந்து நீ என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. யாரோ வெளியாளுக்கு வந்த கடிதத்தைப் பிரித்துவிட்டோமோ என்று மேல்விலாசத்தைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டாவது கடிதத்தில் மறுபடி 'நீ' வந்துவிட்டது. அதைப் பார்த்ததும்தான் என்னால் உட்கார்ந்து இதை எழுத முடிகிறது.

நடந்ததைச் சொல்கிறேன். பல் கறுத்தது. சின்னப் பூச்சி போட்டோம், சாப்பிடவில்லை, எடுத்துவிட்டோம். மறுபடி போட்டோம், மறுபடி எடுத்தோம். எடுக்கும்போதெல்லாம் எனக்குக் கை கூசியது. சாப்பிடாதவர் முன்னாலிருந்து தட்டை எடுத்து எனக்குப் பழக்கமில்லை. வயிறு சுருங்கத் தொடங்கியது. நீ சொன்னது போலத்தான், திராட்சை வற்றல் மாதிரி. உன் அப்பா கண்ணாடி துடைக்கிற மருந்தைச் சொட்டுகிற குழாயை வெந்நீரில் கழுவி, சொட்டுச் சொட்டாக வாய் அருகில் தண்ணீர் விட்டான். கடையை மத்தியானத்தில் மூடிவிட்டு வந்து தண்ணீர் விடுவான். "குடி, கொஞ்சம் குடி" என்பான். சின்ன வயசில் உனக்குக் காய்ச்சல் வந்தபோது கேட்ட குரல் அது. அதன் பிறகு அவனிடம் நான் அதைக் கேட்டதில்லை.

மாட்டு டாக்டரிடம் மறுபடி போனோம். அவர் இந்தத் தடவை மூடியைத் திறந்து நன்றாகவே பார்த்தார். ஆனாலும் நாலு காலில் அவர் படித்தது எட்டுக் காலுக்கு உதவவில்லை. கை கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தேன். குப்புற இருந்தது. கால்களையெல்லாம் வயிற்றுக்கு அடியில் மடக்கியிருந்தது. மல்லாந்தால் நல்லது, குப்புற இருந்தால் ஆபத்து என்று நீ எழுதியது தலைக்குள்ளேயே ஓடுகிறது. திருப்பிப் போட்டால் சரியாகிவிடுமோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். பைத்தியம்தான். தண்ணீர்க் கிண்ணத்தின் பக்கத்தில் வைத்தோம். மத்தியானம்வரை உட்கார்ந்து பார்த்தோம். அதன் பிறகு பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

உன்னிடம் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். அக்டோபர்வரை, "நன்றாக இருக்கிறது, சாப்பிடுகிறது" என்று எழுதிக்கொண்டே போனால் நீ வந்துவிடுவாய். வந்த பிறகு என்னை என்ன செய்துவிடுவாய்? உன் அப்பாதான், "வேணாம்மா. அவனுக்கு உண்மையச் சொல்லு. திட்டினா என்னத் திட்டட்டும்" என்றான். மாவு வைத்தது சரி என்று நீ எழுதியதைப் படித்துக் காட்டினேன். "அவனா சொன்னான்?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். கடிதத்தைக் கையில் வாங்கி, பூதக்கண்ணாடி இல்லாமலே அந்த வரியை நெடுநேரம் பார்த்தான்.

அது கழற்றிப் போட்ட சட்டை இருக்கிறது. அதை உன் அப்பா இடுக்கியால் ஒவ்வொரு காலாக விரித்து, உள்ளே வெல்வெட் வைத்த பெரிய கண்ணாடிப் பெட்டியில் கடையில் வைத்திருக்கிறான். பார்க்கிறவர்கள் உயிரோடு இருப்பதாக நினைத்துத் துள்ளிக் குதிக்கிறார்கள். கடைக்கு வருகிறவர்கள் என்ன இது என்று கேட்டால், "சொட்டை. என் பையனோடது" என்கிறானாம். தலையைத் தடவாமல் சொல்கிறான் என்று உன் தங்கச்சி சொன்னாள்.

நானும் போய்ப் பார்த்தேன். முடி, நகம், கண் இருந்த இடம், எல்லாம் அப்படியே இருக்கிறது. ஆனால் உள்ளே ஒன்றுமில்லை. மூச்சு பட்டால் நகர்கிறது. வீட்டுக்கு வந்து என் அறைச் சுவரில் உன் படத்தைப் பார்த்தேன். அதே மீசை, அதே உள்ளங்கை. நீ எப்போதோ அதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போயிருப்பாய். இப்போது மெலிந்திருக்கிறாயா, கறுத்திருக்கிறாயா, உனக்கும் உன் அப்பா மாதிரி முன்நெற்றி ஏறத் தொடங்கிவிட்டதா, எனக்கு ஒன்றும் தெரியாது.

அக்டோபரில் வா என்று நான் கேட்கப் போவதில்லை. பார்க்க வர வேண்டியது போய்விட்டது. வருவதும் வராததும் உன் இஷ்டம். ஆனால் புதுசாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு. முகம் தெரிகிற மாதிரி, வெளிச்சத்தில் நின்று. கையில் எதுவும் வேண்டாம். இரண்டு பிரதி போட்டு அனுப்பு. இரண்டாவது யாருக்கு என்று கேட்காதே, அவன் கடையில் அதற்கென்று ஒரு சட்டத்தை இப்போதே துடைத்து வைத்துவிட்டான்.

உன் பாட்டி